ஏலகிரி வளைவுல 20-ஆ, 40-ஆ? 'எட்டு' போட்டு வாங்கின லைசென்ஸ் சொல்லித்தராத கணக்கு

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப் பக்கம் நின்று பாருங்கள். வேளச்சேரி - தாம்பரம் மெயின் ரோடு அந்த நேரத்தில்தான் ரோடு மாதிரியே தெரியும். செம்பாக்கம் பக்கமிருந்து நாலைந்து பைக் ஒன்றாக வரும். ஹெல்மெட்டில் கேமரா, பின் சீட்டில் கட்டிய பை. கேம்ப் ரோடு, தாம்பரம், அப்புறம் பெங்களூரு ஹைவே. போகிற இடம் பெரும்பாலும் ஏலகிரி. லீவு கூட ஒரு நாள் கிடைத்தால் கொல்லிமலை.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையில் 70. இந்த வளைவுகளைத் தேடி 230 கிலோமீட்டர் போகிற நமக்கு, வாரத்தின் மீதி ஆறு நாளும் வளைவு என்று ஒன்று கிடைக்கிறதா? யோசித்துப் பாருங்கள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை, ஓ.எம்.ஆர்... எல்லாம் தட்டை, எல்லாம் நேர்கோடு. தெருமுனையில் 90 டிகிரி திருப்பம் வரும், ஆனால் அங்கே மாடு நிற்கும், நீங்கள் முதல் கியரில் இருப்பீர்கள். நல்ல வேகத்தில் சாய்ந்து திரும்புகிற வளைவு வேண்டுமென்றால் கத்திப்பாரா லூப், இல்லையென்றால் வண்டலூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறுகிற லூப். அதிலும் பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார்.

ஆக, தென்சென்னைப் புறநகர்ப் பையனோ பெண்ணோ வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கலாம். அதில் வளைவுக்குள் நுழையும் வேகத்தை யோசித்து ஓட்டியது பத்து கிலோமீட்டர் தேறுமா என்பதே சந்தேகம். மலையடிவாரத்தில் முதல் ஹேர்பின் வரும்போது, 'அஞ்சு வருஷமா வண்டி ஓட்டறேன்' என்கிற நம்பிக்கை மட்டும் கூடவே வரும்.

விலை குறைந்தது, பவர் கூடியது

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேலே உள்ள பைக்குகளுக்கு 40 சதவிகிதம். விளைவு ரொம்ப சிம்பிள். 'இன்னும் ஒரு வருஷம் போகட்டும்' என்று வைத்திருந்த 200, 250, 350 சிசி ஆசைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. முதல் பைக்கே 250 சிசி என்பது இன்று ஆச்சரியமான விஷயம் இல்லை.

அதே வருஷம் ஜூனில் மத்திய அரசு ஒரு வரைவு அறிவிப்பும் வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் தயாராகும் 50 சிசிக்கு மேற்பட்ட எல்லா டூவீலர்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம், புது வண்டியோடு இரண்டு ஹெல்மெட் தரவேண்டும் என்பது அந்த வரைவு. 2019 ஏப்ரலில் வந்த விதிப்படி 125 சிசிக்கு மேலே போனால்தான் ஏபிஎஸ் தேவை. வரவேற்க வேண்டிய யோசனைதான், மறுப்பில்லை. ஆனால், 'ஏபிஎஸ் இருக்கு ப்ரோ, பயமே இல்ல' என்று ஒரு பேச்சு ஓடுகிறதே, அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

சாதாரண ஏபிஎஸ்ஸின் வேலை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது. பைக் நேராக நிமிர்ந்திருக்கும்போது அது கில்லாடி. பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சாய்வை அளக்கும் சென்சாரோடு வருகிற கார்னரிங் ஏபிஎஸ் வேறு ஜாதி. கேடிஎம் 390 அட்வென்ச்சர் மாதிரி சில வண்டிகளில்தான் அது உண்டு. உங்கள் 150 சிசி வண்டியில் இருப்பது பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு மட்டுமான சிங்கிள் சேனல். வளைவுக்குள் தப்பான வேகத்தில் நுழைந்துவிட்ட பிறகு அது உங்களைக் காப்பாற்றும் என்று நினைப்பது, குடை இருக்கிறது என்று வெள்ளத்தில் இறங்குகிற மாதிரி.

நம் மாநிலத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டில் முதலிடம். 64,105 விபத்துகள், 17,884 பேர் உயிரிழப்பு. இந்திய அளவில் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவிகிதம் பேர் டூவீலரில் போனவர்கள். இறப்புகளில் 71 சதவிகிதத்துக்கு அந்த அறிக்கை சொல்லும் காரணம் அதிவேகம். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு விபத்துகள் நடந்தது நேர் சாலையில். அப்போ வளைவு பிரச்னையே இல்லையா என்று கேட்காதீர்கள். நம் சாலைகளில் பெரும்பகுதி நேர்கோடுதான், நாம் ஓட்டுவதும் அங்கேதான். 'அதிவேகம்' என்று ஒரே சொல்லில் அடைக்கும்போது, அந்த இடத்துக்கு எந்த வேகம் அதிகம் என்ற கேள்வி காணாமல் போகிறது. ஹைவேயில் 40 என்றால் பின்னால் வருபவர் திட்டுவார். ஹேர்பின்னில் 40 என்றால் என்ன ஆகும் தெரியுமா?

14 மீட்டர் கணக்கு

மலைச்சாலைக்கான இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலில் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு அளவு உண்டு. உள்விளிம்பின் ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ. (14 வளைவுள்ள ஏலகிரிக்கும் இந்த 14-க்கும் சம்பந்தம் இல்லை, தற்செயல்தான்.) அந்த 14 மீட்டர் ஆரத்தில் 20 கி.மீ. வேகத்தில் திரும்ப பைக் சுமார் 13 டிகிரி சாய வேண்டும். நீங்கள் தினமும் தெருவில் சாய்கிற அளவுதான், ஒன்றும் தோன்றாது. 30-ல் போனால் 27 டிகிரி. இப்போது வயிற்றில் லேசாக ஏதோ செய்யும். 40-ல்? 42 டிகிரி.

42 டிகிரி என்பது ரேஸ் டிராக்கில், சூடான நல்ல டயரில், பழகிய ரைடர் போகும் சாய்வு. பல சாதாரண பைக்குகளில் அதற்கு முன்பே ஃபுட்பெக்கோ ஸ்டாண்டோ தரையில் உரசிவிடும். ஸ்பீடோமீட்டரில் பார்த்தால் 30-க்கும் 40-க்கும் நடுவே ஒரு பத்துதான். வேகம் இரண்டு மடங்கானால் டயரிடம் நீங்கள் கேட்கும் பிடி நாலு மடங்காகிறது. அதனால்தான் 'போன தடவை இதைவிட கொஞ்சம் மெதுவாதான் வந்தேன், அப்போ ஈஸியா இருந்துச்சே' என்பது வளைவில் நம்பக்கூடாத அனுபவமாகிறது.

வளைவுக்குள் நுழையும் வேகம், அதாவது கார்னர் என்ட்ரி ஸ்பீடு என்பது, பைக்கைச் சாய்க்க ஆரம்பிக்கும் அந்த நொடியில் இருக்கும் வேகம். வளைவின் நடுவில் என்ன, வெளியேறும்போது என்ன என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. சரியான வேகத்தில் நுழைந்தால் கண் வளைவின் அடுத்த முனையைத் தேடும், கை தானாக மெல்ல முறுக்கும், பைக் ரெயில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும். கொஞ்சம் கூடிவிட்டால் வரிசையாகச் சில விஷயங்கள் நடக்கும், ஒவ்வொன்றும் அடுத்ததைக் கெடுக்கும். முதலில் கை ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று மூடும். எடை முன்னால் பாயும். போதாதென்று விரல் முன்பிரேக்கைப் பிடிக்கும். ஏற்கெனவே திருப்புகிற வேலையில் இருக்கும் முன்டயர் இப்போது நிறுத்துகிற வேலையையும் சுமக்க வேண்டும். முன்டயர் தாங்கினால் பைக் நிமிரப் பார்க்கும், அதாவது வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். தாங்காவிட்டால் வழுக்கும். இதற்குள் கண் எங்கே போயிருக்கும்? தடுப்புச் சுவருக்கு. எதை முறைத்துப் பார்க்கிறோமோ அங்கேதான் பைக் போகும், இதை விழுந்து எழுந்த எல்லோரும் சொல்வார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த மாதிரி நேரங்களில் பல தடவை பைக் திரும்பியிருக்கக்கூடியதுதான். டயரில் இன்னும் பிடி மிச்சம் இருந்திருக்கும். இன்னும் நாலு டிகிரி சாய்த்திருந்தால் போதும். தீர்ந்துபோனது டயரின் பிடி இல்லை, ஓட்டுகிறவரின் நிதானம்.

பிரேக்கே பிடிக்காதே!

இதைத்தான் அமெரிக்காவின் கீத் கோட் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1980-ல் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கியவர். 1983-ல் வந்த அவருடைய 'எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்' புத்தகத்தில் ஒரு கணக்கு வரும். உங்கள் கவனம் பத்து டாலர் நோட்டு மாதிரி. புதுசாக ஓட்டும்போது கிளட்ச்சைச் சமாளிப்பதற்கே ஒன்பது டாலர் போய்விடும். பழகப் பழக அதன் செலவு குறையும், மிச்சக் காசு ரோட்டைப் பார்க்கக் கிடைக்கும். வளைவில் வேகம் கூடிவிட்டது என்ற பயம் வந்தால்? பத்து டாலரும் அதற்கே காலி. மேலே சொன்ன ஆக்ஸிலரேட்டர் மூடல், பிரேக் பிடிப்பு, சுவரை முறைப்பது எல்லாவற்றையும் அவர் உயிர் பிழைக்க உடம்பு தானாகச் செய்கிற எதிர்வினைகள் என்கிறார். காப்பாற்றத்தான் செய்கிறது, ஆனால் பைக்கின் இயற்பியல் அதற்குத் தெரியாது.

அந்த ஸ்கூல் டிவிஎஸ் ரேசிங்கின் துணையோடு பல ஆண்டுகள் வந்து பயிற்சி தந்த இடம் எது தெரியுமா? ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் ரேஸ் நடத்திவிட்டு, 1990-ல் சொந்தமாகத் திறந்த டிராக் இது. 3.7 கி.மீ., 12 வளைவுகள். ஏலகிரிக்கு 230 கி.மீ. போகிறோம். இது வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த ஸ்கூலின் முதல் நிலைப் பயிற்சியில் முதல் பாடம் கேட்டால் சிரிப்பு வரும். ஒரே கியர், பிரேக் கிடையாது. டிராக்கை அப்படியே சுற்ற வேண்டும். முதல் முறை கேட்கிறவருக்கு 'சாகச் சொல்றீங்களா?' என்றுதான் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரேக் இல்லையென்றால் நீங்கள் நேர்கோட்டில் கண்டபடி முறுக்க மாட்டீர்கள். வளைவுக்கு எந்த வேகத்தில் போய்ச் சேரவேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஆக்ஸிலரேட்டரை விடுவீர்கள். கடைசி நொடி பிரேக் என்ற சாக்கு கையில் இல்லாததால், கண் வேகத்தை அளக்கக் கற்றுக்கொள்ளும். நுழைந்த பிறகு மெல்ல, ஒரே சீராக முறுக்கிக்கொண்டே வெளியேற வேண்டும். அப்படி முறுக்க முடியவில்லை, மூட வேண்டியிருந்தது என்றால், நுழைந்த வேகம் தப்பு. வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வலது கையே சொல்லிவிடும்.

இங்கேதான் நம் ஊர்ப் பேச்சும் அந்தப் பாடமும் பிரிகின்றன. நாம் நம்பிக்கை என்பதைத் தைரியத்தின் இன்னொரு பெயராக வைத்திருக்கிறோம். 'அவன் செம கான்ஃபிடன்ட்டா சாய்க்கிறான் மச்சான்.' அந்தப் பாடத்தில் நம்பிக்கை என்பது திருத்தங்களின் எண்ணிக்கை. ஒரு வளைவை 25 கி.மீ. வேகத்தில் பத்து முறை எடுத்தீர்கள், பத்து முறையும் நடுவில் பிரேக் தொடவில்லை, ஆக்ஸிலரேட்டரை மூடவில்லை, கோட்டை மாற்றவில்லை. அப்போ 25 உங்கள் வேகம். 35-ல் எடுத்தீர்கள், பத்தில் நாலு முறை உடம்பு இறுகியது. வீடியோவில் எவ்வளவு அழகாக இருந்தாலும் 35 உங்களுடையது இல்லை. அதிர்ஷ்டத்தைக் கடன் வாங்கி ஓட்டியிருக்கிறீர்கள்.

டிராக் என்றால் ஆபத்தே இல்லாத இடம் என்றும் எழுத மாட்டேன். 2023 ஆகஸ்ட் 5 அன்று இதே இருங்காட்டுக்கோட்டையில், தேசிய சாம்பியன்ஷிப் ரேஸில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தார். முழு கியர், மருத்துவக் குழு எல்லாம் இருந்த இடத்தில் நடந்தது அது. பயிற்சி வேறு, ரேஸ் வேறு என்பது உண்மை. ஆனாலும் வேகம் எந்த இடத்திலும் விலை கேட்கும். டிராக்கில் எதிரே லாரி வராது, நீங்கள் அதே வளைவை அதே நிலையில் மறுபடி மறுபடி எடுக்கலாம், தப்பினால் ஓட இடம் இருக்கும். பொதுச்சாலை இந்த மூன்றையும் ஒருபோதும் தராது.

ரோட்டில் என்ன செய்யலாம்?

டிராக்குக்குப் போக வழியில்லை, அடுத்த வாரம் ஏலகிரி பிளான் ரெடி. அப்போ?

பார்வை எவ்வளவு தூரம் போகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் உச்சம். இதற்கும் கணக்கு இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் ஆபத்தைக் கண்டு கை அசையவே ஒரு நொடி, அதற்குள் 16-17 மீட்டர் போயிருக்கும். நல்ல ரோட்டில் நன்றாகப் பிரேக் பிடித்தால் இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37. அதே 40-ல் என்றால் மொத்தமே 20 மீட்டர். மலை வளைவில் பாறைக்குப் பின்னால் 20 மீட்டர் தெரிந்தாலே பெரிய விஷயம். அதனால் வளைவை நெருங்கும்போது ரோட்டின் இரண்டு ஓரங்களும் போய் ஒட்டுகிற புள்ளியைப் பாருங்கள். பிரிட்டிஷ் போலீஸ் ரைடர்களுக்குச் சொல்லித்தரும் பழைய வித்தை இது. அந்தப் புள்ளி உங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறை. உங்களோடு சேர்ந்து நகர்ந்தால் வேகம் சரி. விலகி ஓட ஆரம்பித்தால் வளைவு விரிகிறது, இப்போது முறுக்கலாம். ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவே தேவையில்லை.

இடது வளைவும் வலது வளைவும் ஒன்று கிடையாது. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். இடது வளைவில் வேகம் கூடினால் நாம் போய்ச் சேர்வது எதிர்த்தடத்தில், அங்கே பஸ். வலது வளைவில் கூடினால் ரோட்டோரத்து மண்ணுக்கு, அல்லது தடுப்புச் சுவருக்கு. வலது வளைவில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. டயர் நம் தடத்தில்தான் இருக்கும், நடுக்கோட்டை ஒட்டி. ஆனால் சாய்ந்திருப்பதால் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இறங்கி வரும் வேன் டிரைவருக்கு அது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ரேஸில் பார்த்த மாதிரி வளைவின் உள்முனையைச் சீக்கிரமே தொடுகிற ஆசையை மலைச்சாலையில் விட்டுவிடுங்கள். கொஞ்சம் தாமதமாக, வெளியேறும் வழி தெரிந்த பிறகு உள்ளே வந்தால் போதும்.

பைக்கைத் திருப்புவது எப்படி என்பதும் பாதிப் பேருக்குக் குழப்பம்தான். கொஞ்சம் வேகம் வந்துவிட்டால், இடது பக்கம் போக இடது ஹேண்டில்பாரை லேசாக முன்னால் தள்ள வேண்டும். வலது என்றால் வலது. நம்ப முடியவில்லை என்றால் காலியான நேர் சாலையில், 40-ல், விரல் நுனியால் தள்ளிப் பாருங்கள். இது கைக்குத் தெரிந்துவிட்டால், வளைவுக்குள் 'ஐயோ, அகலமா போறேன்' என்று தோன்றும்போது கைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கும். இல்லையென்றால் அந்தக் கை நேரே பிரேக்குக்குத்தான் போகும்.

அப்புறம், நம் ஏரியாவுக்கே உரிய இரண்டு எதிரிகள். மேடவாக்கம், மாம்பாக்கம் பக்கம் ஓடும் லாரிகள் சிந்திய எம்-சாண்ட். தண்ணி லாரி பின்னால் வால் மாதிரி விட்டுப்போகும் ஈரம். இரண்டும் சரியாக வளைவில்தான் கொட்டும், ஏனென்றால் லாரியும் அங்கேதான் சாய்கிறது. நிமிர்ந்து போகும்போது டயர் இதையெல்லாம் மன்னித்துவிடும், சாய்ந்திருக்கும்போது மன்னிக்காது. வளைவைச் சுற்றி என்ன கிடக்கிறது என்று தெரியாதவரை, காய்ந்த சுத்தமான ரோடு என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கிளம்பும் முன் பெட்ரோல் பங்க்கில் டயர் காற்றைப் பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று ஸ்விங்ஆர்மிலோ செயின் கவரிலோ ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள்.

மலை ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்பது ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வேகம் இறங்கிவிடும். இறங்கும்போது வளைவே உங்களை உள்ளே இழுக்கும். ஹேர்பின்னுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், பிரேக் வேலையை நேர்கோட்டிலேயே முடித்துவிடுங்கள். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் நண்பர் குழுவில் இருந்தால் அவரைப் பஸ்ஸில் அனுப்பிவிடுவது குழுவுக்கு நல்லது. குழுவாகப் போகும்போது முன்னால் போகிறவரின் பிரேக் லைட்டைப் பார்த்து உங்கள் வேகத்தை முடிவு செய்யாதீர்கள். அவர் போகும் வேகம் அவருடைய பத்து டாலர்.

ரோட்டில் என் எல்லை இவ்வளவுதான். பத்துக்குப் பத்து திருத்தமில்லாமல் வருகிற வேகம் எதுவோ அதோடு நில்லுங்கள். அதற்கு மேலே இன்னும் எவ்வளவு போகலாம் என்ற தேடலுக்குப் பொதுச்சாலையில் இடம் கிடையாது.

நடுவில் ஒரு படி காணோம்

சரி, அந்தத் தேடலுக்கு எங்கே இடம்? நம் ஏற்பாட்டைப் பாருங்கள். ஒரு முனையில் தாம்பரம் ஆர்.டி.ஓ ஆபீஸில் போடுகிற 'எட்டு'. முதல் கியரில், காலை ஊன்றாமல், நடக்கிற வேகத்தில். பேலன்ஸ் தெரியுமா என்று பார்க்க அது சரியான தேர்வுதான். பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து ஒரு வளைவுக்குள் நுழையத் தெரியுமா என்று அது கேட்பதே இல்லை. அந்த லைசென்ஸை வாங்கிய அதே நாளில் 400 சிசி பைக் எடுத்துக்கொண்டு கொல்லிமலை ஏறலாம், சட்டம் தடுக்காது. மறுமுனையில் இருங்காட்டுக்கோட்டை. கட்டணம், லெதர் சூட், பூட்ஸ், பைக்கைத் தயார் செய்வது என எல்லாம் சேர்ந்தால் கல்லூரி மாணவருக்கோ டெலிவரி வேலை செய்கிறவருக்கோ சின்னத் தொகை இல்லை. நடுவில் இருக்க வேண்டிய படிதான் இல்லை. அந்தப் படியைத்தான் பசங்க ஈசிஆரில் விடியற்காலையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு அரசின் பதில் பெரும்பாலும் பிடிப்பதும் தண்டிப்பதும். யூடியூபர் டிடிஎஃப் வாசன் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்த பிறகு அவருடைய லைசென்ஸ் பத்து ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவில் முதல் முறை 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இந்த நடவடிக்கைகள் தேவையில்லை என்று சொல்லவில்லை. எதைச் செய்யாதே என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறோம், எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆள் வைக்கவில்லை.

பணம் இல்லை என்ற பதிலையும் முழுசாக ஏற்க முடியவில்லை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. நீளத்துக்கு 19 வளைவுகளோடு ஒரு தற்காலிக டிராக் போட்டு, விளக்கு கட்டி, இரவில் கார் ரேஸ் நடத்திக் காட்டியது இதே மாநிலம். பொழுதுபோக்குக்கு நல்ல ராத்திரிதான், நானும் ஆர்வமாகப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர்களுக்கு சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. பஸ் ஓட்ட ஒரு பயிற்சி வேண்டும் என்பது நமக்குப் புரிகிறது. இறப்பவர்களில் பாதிக்குப் பக்கம் டூவீலர்காரர்கள் என்று தெரிந்தும், டூவீலர் என்றால் தெருவிலேயே பழகிக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

நான் கேட்பது ரேஸ் டிராக் இல்லை. ஒரு வளைவு. நூறு, நூற்றைம்பது மீட்டர் தார் போட்ட காலி இடம், இருபது ஆரஞ்சு கூம்பு, விசில் வைத்திருக்கும் ஒரு பயிற்சியாளர், நிழலில் ஒரு ஆம்புலன்ஸ். 30 மீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு வரைந்துவிட்டு, 25-ல் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் 'நடுவுல பிரேக் தொட்டியா?' என்று ஒரே ஒரு கேள்வி. தொட்டால் வேகத்தைக் குறை, தொடாவிட்டால் இன்னும் இரண்டு கி.மீ. கூட்டு. தாம்பரம், செங்கல்பட்டு சுற்றுவட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கும் பொறியியல் கல்லூரி மைதானங்களும் பஸ் நிறுத்துகிற காங்கிரீட் தளங்களும் எத்தனை என்று, அங்கே படித்தவர்கள் எண்ணிச் சொல்வீர்கள். ஆர்.டி.ஓ மைதானமே ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் கிடக்கிறது. 250 சிசிக்கு மேல் முதல்முறையாக வாங்குகிறவருக்கு இப்படி அரை நாள் பயிற்சி என்று ஷோரூமோடு சேர்த்து ஒரு விதி வந்தால், ஜிஎஸ்டியில் மிச்சமான காசில் ஒரு சிறு பகுதிதான் அதற்குச் செலவாகும்.